அப்பத்தாவுக்கு அம்மா பேர் என்ன? ராமநாதபுரம் பக்கம் உழவுக் குடும்பத்துப் பெண்களைத் தேடும் வழி

ஐயாவுக்கு ஐயா பேரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள், ஏனென்றால் அது பத்திரத்தில் இருக்கும், குலசாமி கோயில் வரிப் பட்டியலில் இருக்கும், இல்லாவிட்டால் பெரியப்பா மகனுக்கே அந்தப் பேரைத்தான் வைத்திருப்பார்கள். அப்பத்தாவுக்கு அம்மா பேரைக் கேட்டால் வீடே ஒருவரை ஒருவர் பார்க்கும். வம்சாவளி போட உட்காருகிற எல்லாரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். பெண்கள் பேர் எங்கேயும் பதிவாகவில்லை என்று சொல்லிவிட்டு ஆண்கள் கொடியை மட்டும் வரைந்து ஃபிரேம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். பதிவாகியிருக்கிறது, தேடுகிற இடம்தான் வேறு. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கடற்கரை ஊர்களில் எதைக் கேட்டால், எந்தக் காகிதத்தைப் புரட்டினால் பாட்டிகள் கிடைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை தாலுகா ஆபீஸ் இல்லை. குடும்பத்தில் உயிரோடு இருக்கிற மூத்த பெண்களிடம் போங்கள், அதுவும் ஆண்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. பெரியப்பா உட்கார்ந்திருக்கும் திண்ணையில் அப்பத்தாவைக் கேட்டால் பதில் பெரியப்பாவிடமிருந்துதான் வரும். மத்தியானம் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரம் நல்லது. இரண்டு கிழவிகளைச் சேர்த்து உட்கார வைத்தால் இன்னும் நல்லது, ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார், அந்த மறுப்பில்தான் சரியான விஷயம் வெளியே வரும். போனில் ரெக்கார்டரைப் போட்டு வைத்துவிட்டு, போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வியை எடுத்தவுடன் பேரில் ஆரம்பிக்காதீர்கள். பேர் மறந்திருக்கும், ஊர் மறக்காது. நம் பக்கம் வாழ வந்த பெண்ணைப் பிறந்த ஊரைச் சொல்லித்தானே கூப்பிடுகிறோம்: பெருநாழியா, கமுதிக்காரி, திருப்பாலைக்குடியா. மூன்று தலைமுறைக்கு அப்புறம் அந்த ஊர்ப்பேர் மட்டும் மிஞ்சியிருக்கும். இதற்குச் சலித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய துப்பிலேயே பெரியது இதுதான். அவர் பிறந்த ஊரில் அவருடைய அப்பா பேரில் பட்டா இருந்திருக்கும், அண்ணன் தம்பி பேரன்கள் இன்னமும் அங்கே இருப்பார்கள், அவர்கள் வீட்டில் "எங்க ஐயா கூடப் பிறந்த ஒரு பொம்பளையை உங்க ஊரில் கட்டிக் கொடுத்தாங்க" என்று யாராவது ஒருவர் சொல்வார். புகுந்த வீட்டில் அவர் இன்னாருடைய பெண்சாதி. பிறந்த வீட்டில்தான் அவருக்குச் சொந்தப் பேர் இருக்கும், ஆகவே தேடலை அந்த ஊரிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து வேலையைப் பற்றிக் கேளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு "நடவுப் பாட்டு தெரியுமா" என்று கேட்டால் நம் ஊரில் பல கிழவிகள் விழிப்பார்கள். இங்கே நெல் பெரும்பாலும் மானாவாரி, ஆவணி புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிற வெள்ளாமை. அதனால் பெண்களின் பெரிய வேலை களையெடுப்பு. களையெடுக்க யார் யார் சேர்ந்து போனீர்கள், கூலி நெல்லாகவா காசாகவா, கைப்பிள்ளையை எந்த மரத்தில் தொட்டில் கட்டிப் போட்டீர்கள் என்று கேட்டால், கூட வந்த மதினி, கொழுந்தியாள், சின்னாத்தாள் எல்லார் பேரும் வரிசையாக வரும். தை அறுப்பு, மாசிக்கு மேல் மிளகாய்ப் பழம் எடுப்பு, களத்தில் காய வைத்துக் காம்பு கிள்ளுவது என்று வருஷத்தோடு நடந்து கேளுங்கள். ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அந்த வத்தலைக் குனிந்து பழம் பழமாக எடுத்தது பெரும்பாலும் பெண்கள்தான், பட்டாவிலோ அந்தக் கைகளில் பாதிக்கு மேல் பேர் கிடையாது. பனைக் குடும்பமாக இருந்தால் விடிலியை, அதாவது பதநீர் காய்ச்சுகிற குடிசையை, பற்றிக் கேளுங்கள். பனையேறியது தாத்தா என்று எல்லாரும் சொல்வார்கள், பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியது யார், சீசனுக்கு எந்தக் காட்டுக்குக் குடும்பத்தோடு போய்த் தங்கினார்கள் என்பதைப் பாட்டிதான் சொல்ல முடியும். தங்கச்சிமடம் பக்கமாக இருந்தால் மல்லிகை நாற்று, உச்சிப்புளிப் பக்கமாக இருந்தால் தென்னந்தோப்புக் கீற்று முடைதல், இப்படி ஊருக்குத் தகுந்த மாதிரிக் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள்.

வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, நடந்த சம்பவம் ஞாபகம் இருக்கும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல் 1964 டிசம்பர், அப்போது கையில் எத்தனை பிள்ளை, வயிற்றில் பிள்ளையா, சடங்கு ஆகிவிட்டதா என்று கேட்டால் வயதைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். தமிழ் வருஷப் பேர் சொன்னால் கவனம், அது அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876–77, ஆனால் தாது வருஷத்தில் பிறந்தவர் என்று எண்பது சொச்சத்தில் ஒரு பாட்டி சொன்னால் அது 1936–37. பழைய வருவாய்க் கணக்குகளில் பசலி என்கிற வருவாய் ஆண்டைப் போட்டிருக்கும், அதோடு 590ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1359 என்றால் 1949 ஜூலையில் தொடங்கி 1950 ஜூனில் முடிகிற வருஷம்.

கிளை, அதாவது சாதிக்குள் இருக்கிற வம்சப் பிரிவு, உள்ள குடும்பம் என்றால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை தாய் வழியில் வருகிறது. பிள்ளைகளுக்கு அம்மாவின் கிளைதான், அப்பாவின் கிளை கிடையாது, ஒரே கிளைக்குள் பெண் எடுக்கவும் மாட்டார்கள். அப்படியானால் உங்கள் கிளையின் பேர் உங்கள் அம்மா, அம்மாச்சி, அம்மாச்சிக்கு அம்மா என்று அறுபடாமல் பெண்கள் வழியாக வந்து சேர்ந்தது. பேர் தெரியாத பூட்டியின் கிளை என்னவென்று இதை வைத்தே சொல்லிவிடலாம், அந்தக் கிளைக்காரர்கள் எந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்று விசாரித்தால் பிறந்த ஊரும் தட்டுப்படலாம். இதை ஏதோ கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற சமாச்சாரம் என்று மட்டும் நினைத்து வம்சாவளியில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், பெரிய நஷ்டம்.

வீட்டுச் சாமியையும் விடாதீர்கள். பல வீடுகளில் ஒரு பெட்டியில் சேலை வைத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கும்பிடுவார்கள். யாருக்கு என்று கேளுங்கள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண், தலைப்பிரசவத்தில் போன பெண் என்று யாரோ ஒருவர் இருப்பார். பிள்ளை இல்லாததால் எந்தக் கொடியிலும் அவருக்கு இடம் கிடைத்திருக்காது, ஆனால் வீட்டுப் பெண்கள் அவரை நூறு வருஷமாக மறக்கவில்லை. அதே மாதிரி வயல்களின் பேர். கிழவி செய், மாரியாயி செய், இன்னாள் புஞ்சை என்று பேச்சில் ஒரு பேர் நிற்கும், பத்திரத்தின் சொத்து விவரத்திலும் சில சமயம் அப்படியே எழுதியிருப்பார்கள். யார் அந்த மாரியாயி என்று கேட்காமல் நகராதீர்கள்.

சரி, இனி காகிதம்.

இப்போதைய பட்டாவில் ஆரம்பியுங்கள். அரசின் இணையதளத்தில் கிராமமும் புல எண்ணும் கொடுத்தால் பட்டா, சிட்டா, அ பதிவேடு (கிராமத்து நில விவரப் பதிவேடு) மூன்றும் பார்க்கலாம். அ பதிவேட்டில் பழைய புல எண் இருக்கிறதா என்று பாருங்கள், பின்னால் போக அதுதான் சாவி. 1980களில் நடந்த யுடிஆர் என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்களும் பேர்களும் நிறைய மாறின, அந்தச் சமயத்தில் பாட்டி பேரில் இருந்தது மகன் பேருக்குப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆகவே அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் நகல் கேளுங்கள். நம் மாவட்டத்தில் பெரும்பகுதி சேதுபதி ஜமீன். 1803ல் நிரந்தரத் தீர்வு, அதாவது ஜமீன் கட்ட வேண்டிய வரியை நிலையாக நிர்ணயித்தது, 1948 சட்டத்தால் ஜமீன் ஒழிப்பு, அப்புறம்தான் அரசு குடிகளுக்கு நேராகக் கொடுத்த ரயத்துவாரிப் பட்டா. அதனால் 1950களுக்கு முன்னால் அரசு பட்டாவைத் தேடிக் காணவில்லை என்று குழம்பாதீர்கள், அந்தக் காலத்துக்கு ஜமீன் கொடுத்த பட்டாவும் குடிகள் எழுதிக்கொடுத்த முச்சிலிக்கா என்கிற ஒப்பந்தச் சீட்டும் வீட்டுப் பரணில்தான் கிடைக்கும். இன்னொன்று, ராமநாதபுரம் ஜில்லா 1910ல் உண்டானது, அதற்கு முன் நாம் மதுரை ஜில்லா. 1985ல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. பழைய கலெக்டர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையிலேயே இருந்ததால், ஆவணத்தைத் தேடுகிறவர்கள் மதுரைக்கும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் போக வேண்டி வரலாம்.

பெண்களைத் தேடுகிறவர்களுக்கு வருவாய்த் துறையைவிடப் பத்திரப் பதிவுதான் அதிகம் கொடுக்கும். வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதல் ஆன்லைனில் பார்க்கலாம், அதற்கு முந்தையது அங்கே கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். அங்கே சொத்தை வைத்துத் தேடுகிற அட்டவணை ஒன்று, ஆட்களின் பேரை வைத்துத் தேடுகிற அட்டவணை ஒன்று என இரண்டு உண்டு. எல்லாரும் சொத்து அட்டவணையோடு நின்றுவிடுவார்கள். நீங்கள் பேர் அட்டவணையையும் கேளுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகிற ஒன்றாம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம், பதிவுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. உயில் பதிவு அப்படிக் கிடையாது.

குடும்பத்தில் எல்லாம் சுகமாக நடந்த காலத்தில் பெண் பேர் காகிதத்தில் வராது. ஏதாவது ஒன்று உடையும்போதுதான் வரும். கணவன் செத்துப்போய்ப் பிள்ளைகள் மைனராக இருந்தால் "மைனர்களுக்குத் தாயாரும் கார்டியனுமான" என்று வருவார். பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது கைம்பெண்ணுக்கு ஜீவனாம்சமாக ஒரு துண்டு நிலம் ஒதுக்குவார்கள். அண்ணன் தம்பிகள் சொத்தை விற்கும்போது கூடப் பிறந்தவள் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுப்பாள். ஆகவே உங்கள் குடும்பத்தில் யார் அல்பாயுசில் செத்தார், எந்த வருஷம் நிலம் ஒத்திக்குப் போனது, எப்போது பங்காளிச் சண்டை என்று முதலில் பட்டியல் எடுத்துக்கொண்டு, அந்த வருஷங்களை ஒட்டித் தேடுங்கள்.

பத்திரம் கிடைத்தால் எப்படிப் படிப்பது? இப்படி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ராமநாதபுரம் ஜில்லா, முதுகுளத்தூர் தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற கருப்பையா பாரியாள் முத்துக்கருப்பாயி, மேற்படி கிராமம் மேற்படியார் குமாரன் மைனர் இருளாண்டிக்குத் தாயாரும் கார்டியனும், விவசாயம்". இந்த ஒரு வரியிலேயே கணவன் பேர், அவர் அதற்குள் இறந்துவிட்டது, மகனுக்கு அப்போது பதினெட்டு ஆகாதது, பூட்டியின் பேர் எல்லாம் வந்துவிட்டது. கடைசியில் அந்த "விவசாயம்" என்ற சொல்லைப் பாருங்கள். பெண்ணுக்கு எதிரே பெரும்பாலும் தொழிலே போடமாட்டார்கள், போட்டிருந்தால் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து எதற்காக விற்கிறார் என்று காரணம் எழுதியிருக்கும்: புருஷன் வாங்கிய கடன், மகள் கல்யாணச் செலவு, சர்க்கார் கிஸ்தி என்கிற நிலவரி. அதற்குப் பிறகு சொத்து எப்படி வந்தது என்ற வரி. "எனக்கு என் தகப்பனாரால் சீதனமாகக் கொடுக்கப்பட்டு" என்று இருந்தால் பெரிய அதிர்ஷ்டம், தகப்பனார் பேரும் ஊரும் அங்கேயே கிடைக்கும். சொத்து விவரத்தில் நான்கெல்லை பாருங்கள், பக்கத்து நிலத்துக்காரியாக இன்னொரு பெண்ணின் பேர் இருக்கலாம். கடைசிப் பக்கத்தில் கைநாட்டு, அதற்குப் பக்கத்திலேயே சாட்சிகள். பெண் எழுதிக்கொடுக்கிற பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட அவர் பிறந்த வீட்டுச் சகோதரனோ சித்தப்பனோ வருவது சகஜம், சாட்சியின் ஊர் வேறாக இருந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். நகலில் கைரேகை இருக்காது, மூலப் பத்திரம் வீட்டிலோ பங்காளி வீட்டிலோ இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். ஊதா மையில் ஒரு பெருவிரல், பல குடும்பங்களில் பூட்டி விட்டுப்போன ஒரே படம் அதுதான்.

வழக்கு நடந்த குடும்பமாக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பாக வழக்கு என்றால் பிராதில் வம்சாவளி அட்டவணையே போட்டிருப்பார்கள், மகள்கள் பேரோடு. ராமநாதபுரம் ஜமீனிலேயே ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் எடுத்த தத்து செல்லுமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868ல் தீர்ப்பானது, இன்றைக்கும் சட்டம் படிக்கிற பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். நம் வீட்டு வழக்கு முன்சீப் கோர்ட்டோடு நின்றிருக்கும், இருந்தாலும் அந்த வழக்குக் காகிதக் கட்டு எங்கே என்று விசாரியுங்கள்.

சட்டம் மாறிய வருஷங்களும் உதவும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்னால் கைம்பெண்ணுக்கு நிலத்தில் ஆயுள்கால அனுபவம் மட்டும்தான் பெரும்பாலும், கடன், குடும்பச் செலவு மாதிரித் தகுந்த காரணம் இல்லாமல் விற்க உரிமை கிடையாது. 1956க்குப் பிறகு பாட்டிகள் பேரில் கிரயம் கூடியிருப்பதைப் பார்க்கலாம். 1989ல் தமிழ்நாடு, அதற்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது, 2005ல் நாடு முழுக்க மகள்களுக்குக் கிடைத்தது. அதற்கப்புறம் விடுதலைப் பத்திரங்கள் குவிந்தன, ஏன் என்று உங்களுக்கே தெரியும். அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த அந்தப் பத்திரங்களில் அத்தைகள் எல்லாரும் கணவன் பேர், ஊர், வயதோடு வரிசையாக இருப்பார்கள். வாரிசுச் சான்றிலும் அப்படித்தான்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு முக்கியம், கீழக்கரை மாதிரி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிற ஊர்களில் வீடே பெண் வழியாகத்தான் இறங்கியிருக்கும், வீட்டுப் பத்திரத்தை முதலில் பாருங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் புத்தகத்தில் தாய் பேர், ஞானத்தாய் பேர் இரண்டும் இருக்கும், ஞானத்தாய் பெரும்பாலும் சொந்தக்காரிதான்.

நிலமே இல்லாத, அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பங்களுக்கு மேலே சொன்ன பத்திரம் எதுவும் உதவாது. அங்கே கிழவிகளின் பேச்சும் ஒப்பாரியும்தான் ஆவணம். ஒப்பாரியில் பிறந்த ஊர், அண்ணன் தம்பி, கொண்டுவந்த சீர், பட்ட கஷ்டம் எல்லாம் வரும், ஆனால் துக்க வீட்டில் போனை நீட்டாதீர்கள், பிறகு ஒரு நாள் பாடியவரிடமே போய்க் கேளுங்கள். இலங்கைக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் இருந்தால் தடயம் கூடுதலாகவே கிடைக்கும். மண்டபம் கேம்ப் வழியாகப் போனார்கள், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்குக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். அதில் மனைவி, மகள் எல்லார் பேரும் வயதும் இருக்கும், யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது இருக்கும், கேளுங்கள்.

பிறப்பு இறப்புப் பதிவேட்டில் குழந்தைக்குப் பேரே இல்லாமல் "பெண்" என்று மட்டும் இருக்கலாம், அப்பா பேரை வைத்துத்தான் தேட வேண்டும். சென்சஸில் தனி ஆள் பேர் கிடைக்காது, அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக எல்லாரும் 2002, 2005 பட்டியலைத் தேடினோமே, அதே பட்டியலில் பாட்டியின் வயதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் அதிலிருந்து கிடைக்கும். மொய் நோட்டு இதைவிட மேல். தாய்மாமன் செய்முறை எந்த ஊரிலிருந்து வந்தது என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும்.

கடைசியாக ஒன்று. பெண் வழியைத் தோண்டுகிறீர்கள் என்று தெரிந்ததும் "பங்கு கேக்க வந்திருக்கான்" என்ற பேச்சு கிளம்பும். மகள் வழிப் பேரன் பழைய பட்டா நகல் கேட்டு வந்து நின்றால் எந்த மாமாவுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும், அவரைக் குறை சொல்ல முடியாது. பாட்டி பிறந்த ஊருக்கு முதல் முறை போகும்போது புல எண், சர்வே என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அந்த ஊர்ச் சொந்தத்தில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய கல்யாணப் போட்டோ ஏதாவது இருந்தால் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போய் அவர்கள் வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டாம் தாரம், அறுத்துக்கட்டியது, வேறு சாதியில் போனது என்று ஏதாவது வெளியே வந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பத்திரம் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே நகல் வாங்கிக்கொள்ளலாம், மாமாவிடம் கேட்க வேண்டியது போட்டோவில் அப்பத்தாவுக்குப் பக்கத்தில் நிற்கிற அந்தப் பொம்பளை யார் என்பதை மட்டும்தான்.